அட்சதை போட்டால் உடைகிற படம்

ராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேடையில் நின்றுகொண்டு, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிக்கு நான் அட்சதை போட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலியில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. கல்யாணமே மறுநாள்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து மண்டபம் தூங்கி வழிந்த நேரம். சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு வந்து கீழே நின்று என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு பிடி அள்ளி நாற்காலியின் மேல் வீசினேன். அவளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நல்லாத்தானே இருக்கீய என்று கேட்டாள்.

நன்றாகத்தான் இருந்தேன். சொல்லப்போனால், என் ஆசிரியர் வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததே கிடையாது. காமிராவுக்குப் பின்னால் நின்ற முருகேசன்தான் தலையில் கை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த லேப்டாப்பில் நாற்காலியைக் காணவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. அரிசி கீழே விழுந்து அடங்கியதும் நாற்காலி மெல்லத் திரும்பி வந்தது.

முருகேசன் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். நாற்காலி மறுபடியும் போய்விட்டது.

தலையில் கட்டிய தாள்

நான் எப்படி அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வருடம் புதுப் பாடத்திட்டம் வந்தது. அதில் 'மல்டிமீடியா கம்ப்யூட்டர் அமைப்புகள்: தத்துவங்களும் தொழில்நுட்பங்களும்' என்று ஒரு தாள். பெயரைப் பார்த்ததுமே எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள். யார் எதை எடுப்பது என்று பேசிய கூட்டத்துக்கு, பஸ் கிடைக்காமல் நான் தாமதமாகப் போனேன். போய்ச் சேர்வதற்குள் அதை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அப்போது எங்கள் ஊரில் மல்டிமீடியா என்ற சொல் இல்லாத போர்டே கிடையாது. ஜெராக்ஸ் கடை மல்டிமீடியா. பிரவுசிங் சென்டர் மல்டிமீடியா. ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவரும் பழைய போர்டின் ஓரத்தில் அதை எழுதிச் சேர்த்துக்கொண்டார். கல்லூரியில்தான் மல்டிமீடியா இல்லை. லேபில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கினார்கள். பையன்கள் பாட்டுப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் துறைத் தலைவர் அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒலியைப் பற்றிய பாடம் முழுவதையும் நான் சத்தமில்லாமல் நடத்தினேன்.

வீடியோவுக்கு ஒரு கிளி இருந்தது. பாடப் புத்தகத்தோடு வந்த சி.டி.யில் தபால்தலை அளவுக்கு ஒரு பச்சைக்கிளி பறக்கும். இரண்டு தடவை இறக்கையை அடிக்கும், அப்படியே நின்று யோசிக்கும், பிறகு அடிக்கும். கிளி ஒரு வழியாகக் கிளையில் போய் உட்கார்ந்ததும் வகுப்பே கை தட்டும். அந்தக் கைதட்டலைத்தான் நான் என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தாளில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வீடியோவை எப்படிச் சுருக்கி அனுப்புகிறார்கள் என்பது. ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்களை முழுசாக அனுப்பினால் எந்தக் கம்பியும் தாங்காது. அதனால் ஒரு படத்தை முழுசாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். நான் இதற்கு வருகைப் பதிவை உதாரணம் சொல்வேன். காலையில் முதல் பீரியடில் எல்லாப் பெயரையும் வாசிக்கிறோம். அடுத்த பீரியடில் யார் யார் வரவில்லை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். வேலை பாதிக்குப் பாதி மிச்சம். ஆனால் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் இடம் மாறி மாறி ஓடினால் இந்தத் தந்திரம் செல்லாது என்பேன். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள். நானும் மார்க் போடுவேன். இதெல்லாம் எங்கேயோ அமெரிக்காவில் நடக்கிற விஷயம் என்கிற மாதிரிதான் எங்கள் எல்லோருக்குமே இருந்தது.

வாய்தா கிடையாது

எங்கள் லேபைப் பார்த்துக்கொண்டவள் கலைச்செல்வி. நான் தத்துவம் பேசுவேன், மெஷின்களை ஓட வைப்பது அவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னை அக்கா என்று கூப்பிட்டு, தங்கை மாதிரியே சண்டை போடுவாள்.

அவளுடைய அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தைத் தங்கள் ஊரிலேயே பிடித்திருந்தார்கள்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, வீட்டு வாசலில் சீரியல் செட் கட்ட ஆள் வந்தார். அவர் கட்டிய விதம் அண்ணாச்சிக்குச் சரிப்படவில்லை. ஒரு பக்கம் தொங்குகிறது என்று சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் டீ குடிக்கப் போன நேரம், தானே ஸ்டூலில் ஏறிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். அசையக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரே பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். கலைச்செல்வியும் அதைத்தான் கேட்டாள். அண்ணாச்சி கட்டிலில் படுத்தபடியே கையை ஆட்டி மறுத்தார்.

"சர்வீஸ்ல நான் பாத்த வாய்தா போதும். எம் மக கல்யாணத்துக்கு வாய்தா கெடையாது. நான் இங்கன கெடந்தே பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்வதற்கு அவர் ஒரு நிபந்தனையும் போட்டார். நடந்து முடிந்ததைப் பதிவு செய்து பிறகு கொண்டுவந்து காட்டுவது வேலைக்கு ஆகாது. அது கேள்விப்பட்ட சாட்சி. தாலி ஏறுகிறபோதே தான் பார்த்தாக வேண்டும். அதுதான் கண்ணால் கண்ட சாட்சி.

போனில் வீடியோ கால் போடலாம் என்று கலைச்செல்வியின் தாய்மாமன் முன்வந்தார். நிச்சயதார்த்தத்தின்போது அவர் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு வீடியோ கால் போட்டவர்தான். அவர்கள் பார்த்தது மண்டபத்து மின்விசிறியையும் மாமனின் காதையும். அதனால் முறையாகக் காமிரா வைத்து லைவ் விடுவது என்று முடிவானது. ஊரில் எல்லோரும் அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் லைவ் விடுவார்கள். நாங்கள் ராஜபாளையத்திலிருந்து, பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லைவ் விட ஏற்பாடு செய்தோம்.

கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். வருஷக்கணக்காக மல்டிமீடியா நடத்துகிற அக்காவுக்கு இதுகூடத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு. எனக்குத் தெரிந்த மல்டிமீடியாவெல்லாம் அந்தக் கிளி ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் சொல்ல முடியுமா.

பூசணிக்காய் உடைத்த கல்யாணம்

முருகேசன் எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற வீடியோகிராபர். நல்ல மனிதர், கொஞ்சம் வாய் நீளம். மண்டபத்தில் நெட் கிடையாது. அவர் டாங்கிளில் சிம் போட்டு லைவ் விடுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் காமிராவை நட்டு, காலி மேடையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தோம். அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர், கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று போன் செய்தார். மேடைத் திரையின் ஜரிகை கூடத் தெரிகிறதாம். எனக்கு வாயெல்லாம் பல்.

முருகேசன்தான் என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். இப்போது நன்றாகத்தான் இருக்கும், தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் செத்த நேரம் படம் உடையும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றார்.

எந்த நேரத்தில் என்று கேட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னார்.

எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தானாம். பந்தி ஓடும்போது உடையாது, ரிசப்ஷனில் உடையாது, சரியாகத் தாலி ஏறும்போதுதான் உடையும். நெட்டுதான் காரணம் என்பது அவருடைய தீர்மானம். அந்த நேரம் பார்த்து எல்லோரும் போனை எடுத்துவிடுகிறார்கள், டவர் தாங்குவதில்லை. சிம் கம்பெனியை மூன்று தடவை மாற்றிவிட்டார். ஒரு வீட்டில், இது நெட்டு இல்லை, திருஷ்டி என்று சொல்லி, முகூர்த்தத்துக்கு முன்னால் காமிராவையே சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்களாம். அப்போதும் உடைந்தது. பூசணிக்காயோடு சேர்த்துப் படமும் உடைந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முன்பு லைவ் விட்ட கல்யாணங்களை லேப்டாப்பில் போடச் சொன்னேன். முதல் கல்யாணம், தாலி ஏறியது, படம் உடைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு வேடிக்கை. பின்வரிசைப் பெண்கள் சிலர், மேளம் கொஞ்சம் பலமாக அடித்ததும் கெட்டிமேளம் என்று நினைத்து முன்கூட்டியே அட்சதையை வீசிவிட்டார்கள். ஐயர் திரும்பி முறைக்கிறார். அப்போதும் படம் உடைந்தது. அந்த நேரத்தில் ஒருவர் கையிலும் போன் இல்லை. அரிசிதான் இருந்தது.

சந்தேகம் தீர எங்கள் கிறிஸ்தவ ஆட்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றையும் போடச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி, கோவிலுக்குள் தாலி கட்டும்போது யாரும் எதையும் வீசுவதில்லை. படம் அசையாமல் நின்றது. ஜோடி வெளியே வந்ததும் வாசலில் வண்ணக் காகிதம் தூவினார்கள். பெண்ணையும் காணவில்லை, மாப்பிள்ளையையும் காணவில்லை, கட்டம்தான்.

வகுப்பில் உள்ள அத்தனை பேரும் இடம் மாறி ஓடினால் என்று நான் வருடா வருடம் பாடம் சொன்னேனே, அது இதுதான். ஆயிரக்கணக்கான அரிசி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பறக்கிறது. எது மாறியது என்று கேட்டால் எல்லாமே மாறிவிட்டது. அனுப்பக் கிடைத்த கொஞ்ச இடத்தில் அவ்வளவையும் திணிக்க முடியாமல், படத்தைக் கட்டங்களாகக் கரைத்து அனுப்புகிறது மெஷின். ஊரே நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. பாவம், நெட் ஒரு பாவமும் அறியாதது. மனிதர்கள் கை நிறைய அள்ளி வாழ்த்தினால், அந்த வாழ்த்தைத் தூக்க அதற்கு முடியவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்தச் சிவப்பு நாற்காலி. அட்சதை அரிசியைப் பெண் வீட்டுத் தாம்பாளத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பா சொன்ன வழி

காரணம் தெரிந்ததும் சந்தோஷம் வந்தது, அது நாற்காலியோடு சரி. அடுத்து என்ன செய்வது என்று யோசித்தபோது கையைப் பிசைந்தேன்.

அனுப்பும் வேகத்தைக் கூட்டலாம், ஆனால் இருக்கிற டாங்கிளில் அதற்குமேல் வராது. படத்தைச் சின்னதாக்கலாம், ஓரளவுக்குத் தாங்கும். மிச்சமிருந்த ஒரே வழி, மூன்று முடிச்சும் விழுந்து முடிகிறவரை யாரும் அட்சதை போடாமல் இருப்பது. கெட்டிமேளம் கேட்டதும் கை தானாக எழும்புகிற ஊரில் அது நடக்கிற காரியமா என்று முருகேசன் கேட்டார்.

நான் கலைச்செல்வியிடம் போய்ச் சொன்னேன். மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அட்சதையே வேண்டாங்க்கா. அப்பா பாத்தா அது போதும் எனக்கு."

அவளுக்குப் போதும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போதுமா. அங்கே எல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்வதுதான். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஓட்டுகிற தறிகள் வைத்திருப்பவர். சம்பந்தி இடுப்பில் சுற்றியிருப்பது தன் தறித்துணியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அன்றைக்கு முழுவதும் தானே சிரித்துக்கொண்டிருந்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது. அட்சதை போடாமல் கல்யாணமா, நாம் என்ன ரிஜிஸ்டர் ஆபீசிலா கல்யாணம் செய்கிறோம் என்று கேட்டார்.

நான் விடவில்லை. அண்ணாச்சி பார்க்க முடியாமல் போய்விடும் என்று மறுபடியும் மறுபடியும் சொன்னேன். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார். இது பெண்ணைப் பெற்றவர் சொல்ல வேண்டிய வார்த்தை, சம்பந்தியே அட்சதை வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்றார்.

சரி, அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

திருத்த மனு

அண்ணாச்சி இருந்தது இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர், வலது கையில் மாவுக்கட்டு. அண்ணாச்சியின் மனைவி வேலம்மாள் மதினி, ராஜபாளையத்துக்குக் கிளம்புவதற்காகப் பையோடு நின்றார். ஒரு கால் அறையிலும் ஒரு கால் வாசலிலுமாக அவர் அன்றைக்கெல்லாம் அப்படியேதான் நின்றாராம்.

அட்சதைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள் என்று அண்ணாச்சி கேட்டார். வருகைப் பதிவு உதாரணத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கோர்ட்டுக்கு அதை மாற்றிக்கொண்டார். முதலில் முழு மனுவையும் கொடுத்துவிடுகிறோம், பிறகு திருத்தம் மட்டும் கொடுக்கிறோம், அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றேன்.

"அட்சதை விழுறப்ப ஒவ்வொரு அரிசியும் ஒரு திருத்த மனு. அம்புட்டும் ஒரே நேரத்துல வந்தா எந்தக் கோர்ட்டு தாங்கும்?"

சிரித்தார். இடுப்பு வலித்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். இனி வகுப்பில் இதையே சொல்லலாம் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். லைவ் என்று பெயர்தானே தவிர, மண்டபத்தில் நடப்பது இங்கே வந்து சேர அரை நிமிடம் போலத் தாமதமாகும். படம் விட்டு விட்டு வராமல் இருக்க, கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அண்ணாச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு நகல் வாங்க ஜனங்கள் நடக்கிற நடையைப் பார்த்தவனுக்கு அரை நிமிடம் ஒரு தாமதமா என்றார்.

பிறகு நான் வந்த காரியத்துக்கு வந்தேன். பெரியப்பாவுக்குப் போன் போட்டுத் தருகிறேன், அட்சதையைக் கொஞ்சம் பிந்திப் போடலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். போனை அவர் கையிலும் கொடுத்துவிட்டேன்.

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதினி, நீங்க பாக்கணும்னுதானே இம்புட்டுப் பாடும் என்று மெதுவாக ஆரம்பித்தார். அண்ணாச்சி போனை மெத்தையின் மேல் வைத்துவிட்டார்.

"எம் மக தலையில அரிசி விழாம, நான் படம் பாக்கவா? வேண்டாம் டீச்சரம்மா. ஒடஞ்சா ஒடையட்டும். தாலி ஏறுறப்ப விழுற அரிசி அப்பதான் விழணும்."

நான் கோபக்காரி. நல்லதுக்குச் சொன்னாலும் இந்த ஆண்கள் கேட்பதில்லை என்று மனதுக்குள் சண்டை போட்டேன். நாள் முழுக்க நாற்காலியோடு மல்லுக்கட்டியவள் நான், உங்கள் மகள் அங்கே அப்பா பார்க்க வேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டும்விட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. வ. புதுப்பட்டிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. நான் பார்ப்பேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். பெரியப்பாவுக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். ஒருவர் விடாமல் அட்சதை போட வேண்டும், நான் வராத குறை அதில் தெரியக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டார்.

கலைச்செல்வியிடம் நான் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னேன். அப்பா பார்ப்பேன் என்றார்.

கெட்டிமேளம்

முகூர்த்தத்தன்று என்னால் ஆனதைச் செய்தேன். படத்தின் அளவைக் குறைக்கச் சொன்னேன். படம் போனாலும் ஒலி போகக்கூடாது என்று, நாதஸ்வரத்துக்கு முன்னால் இருந்த மைக்கிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துவிட்டோம். மந்திரமும் மேளமும் ஆஸ்பத்திரிக்குச் சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்காரர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்.

நான் கணக்குப் போடாத ஒன்று பெரியப்பா. சம்பந்தி கேட்டுக்கொண்டுவிட்டார், இனி விடுவாரா மனிதர். தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பிடி. சமையல்கட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வாட்ச்மேனையும் உள்ளே அழைத்து அவர் கையிலும் திணித்தார். ஒருத்தர் கையும் சும்மா இருக்கப்படாது என்று அதட்டிக்கொண்டே வந்தார். என் கையிலும் இரண்டு பிடி விழுந்தது.

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. அந்த மாதிரி ஒரு அட்சதையை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்தது கிடையாது. மேடைக்கு மேலே காற்றே மஞ்சளாகிவிட்டது. நான் மேடையைப் பார்க்காமல் முருகேசனின் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மாப்பிள்ளையின் கை தெரிந்தது. தாலி தெரிந்தது. கலைச்செல்வியின் குனிந்த முகம் நாலு கட்டமானது, பிறகு அதுவும் இல்லை. முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லை. மெஷின் திரும்பி மூச்சு விட்டபோது மூன்று முடிச்சும் முடிந்து, நாத்தனார் நகர்ந்துவிட்டாள்.

இத்தனைக்கும் மண்டப மேடை எனக்குப் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. திரும்பினால் நானாவது கண்ணால் பார்த்திருக்கலாம். அதுவும் போயிற்று. என் இரண்டு பிடி அரிசி கையிலேயே ஈரமாகிவிட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். கெட்டிமேளம் முடிந்ததும் மதினி தாங்க மாட்டாமல் மண்டபத்திலிருந்து கணவருக்குப் போன் செய்து, ஏறியாச்சு, பாத்தியளா என்று கேட்டிருக்கிறார். லேப்டாப்பில் அப்போதுதான் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார். அண்ணாச்சி போனில், பேசாத, இங்கன இப்பத்தான் எடுக்காரு என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நொடி திரை முழுக்கக் கட்டம். எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய் லேப்டாப்பைத் தட்டத் தொடங்கினாராம். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து விலக்கினார். மேளச் சத்தம் மட்டும் அறையை நிறைத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தயாராக வைத்திருந்த அரிசியைத் திரையின் மேல் போட்டார். வ. புதுப்பட்டிக்காரர் எழுந்து வந்து இடது கையால் போட்டார். ஊசி போட வந்த நர்ஸும் போட்டாளாம்.

சாப்பாடு முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனோம். காமிராவில் பதிவான தெளிவான படத்தை முருகேசன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் நான் அதை நீட்டினேன், ஒரு முடிச்சு விடாமல் எல்லாம் இதில் இருக்கிறது என்றேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கண்ணெல்லாம் மகள் மேல்.

கலைச்செல்வி மாலையோடு கட்டிலின் அருகே போய்க் குனிந்தாள். வழியில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது.

"பாத்தியளாப்பா?"

"பாத்தேன்."

"பொய் சொல்லாதியப்பா. படம் ஒடஞ்சு போச்சுன்னு அக்கா சொன்னாவ."

"ஒடஞ்சுச்சு. ஒடையாம எப்பிடி? எம் மக மேல எம்புட்டு அட்சதை விழுதோ அம்புட்டு ஒடையும். அதத்தான் பாத்தேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுடைய முடியில் இன்னும் மாட்டிக்கொண்டிருந்த மஞ்சள் அரிசியை அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.